நீலம் பாய்ந்த பெருங்காயம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருங்காயம் என்றால் என் கடைதான். மலையோரத்து வித்துரா சந்தைக்காரர்கள் முதல் கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத்து மாமிகள் வரை யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் காட்டாவிட்டாலும் மூக்கு காட்டிக் கொடுக்கும். படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாளச் சீமைக்கு வந்து நான் செய்த முதல் வேலை, சரக்கு வந்த தோல் பைகளின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பெருங்காயத்தை மழுங்கின கத்தியால் சுரண்டி எடுப்பது. அப்படிச் சுரண்டியவன்தான் பிற்பாடு அந்தக் கடையையே வாங்கினான். மூடின டப்பாவை மோந்து பார்த்து, உள்ளே இருப்பது ஆப்கன் சரக்கா ஈரான் சரக்கா என்று இன்றும் சொல்வேன். பந்தயம் கட்டினவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள்.

காயத்தைப் பற்றி, பெருங்காயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசுபிசுவென்று வரும் பால் காயத்தை அப்படியே சமையலில் போட முடியாது. கடுகளவு நாக்கில் பட்டால் அன்று முழுக்க வேறு ருசி தெரியாது. அதனால் கருவேலம் பிசினும் கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்து, உலர்த்தி, கட்டியாக வெட்டி விற்கிறோம். கூட்டுக் காயம் என்று அதற்குப் பெயர். எல்லா ஊரிலும் அப்படித்தான், சட்டமும் அதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் எங்கள் தெருவில் கடைக்குள் யாரும் மாவு என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. ‘வெள்ளை’ என்போம். எவ்வளவு வெள்ளை போடுகிறோம் என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். பிசைகிற அறைக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது. வாங்குகிறவர்களும் கேட்டதில்லை. காயம் காயமாக மணந்தது, அவர்களுக்கு அது போதும்.

என் கடை முகப்பில் ஒரு பலகை தொங்கியது. ‘மாயமில்லாத்த காயம்’ என்று மலையாளத்தில் பெரிதாக எழுதியிருந்தது. மாயம் என்றால் இங்கே கலப்படம். கீழே தமிழில் ‘துளியும் கலப்பில்லாதது’ என்று போட்டிருந்தேன். வாசகம் என் சொந்தச் சரக்கு. ஓவியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு எஞ்சினியரிங் கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் இரண்டு மாணவிகளோடு வந்தார். கெமிக்கல் எஞ்சினியரிங் லேப்காரர்கள். படித்ததை ஊர் ஜனங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று அவர்கள் துறையில் முடிவு செய்திருந்தார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் மேஜை போட்டு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காயம், காப்பிப்பொடி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் பரிசோதித்துக் காட்டுவார்கள், வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுப்பார்கள், இடம் மட்டும் வேண்டும் என்றார். டீச்சர் கோட்டை அக்ரகாரத்துப் பெண். அந்தத் தெருத் தமிழிலேயே பேசினார்.

சங்கத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் என் எதிர்க்கடை அண்ணாச்சி, அவரும் காய வியாபாரிதான், சொன்னார்: “டீச்சரே, கல்யாண வீட்டுக்கு வந்து பொண்ணுக்கு எத்தன பல்லுன்னு எண்ணுவாகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

“எண்ணட்டும். பல்லு இருக்கவன் வாயத் திறப்பான். என் கடைக்குப் பின்னால களம் கெடக்கு, அங்க நடத்துங்க. மொத சாம்பிளு என் காயம். அப்புறம் மத்தவங்களுதப் பாருங்க.”

உட்கார்ந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவர்கள் லேபுக்குப் போன நாள் வரை நிமிர்ந்தேதான் இருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லேபைத் திறந்து காட்டும் நாளில் நீங்களும் வந்து பாருங்கோ என்று டீச்சர் கூப்பிட்டிருந்தார். போனேன். வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகப் போனேன். உள்ளே கூரை வரை உயர்ந்த கண்ணாடிக் குழாய்கள், நிறம் நிறமாகச் சாயம் அடித்த இரும்புக் குழாய்கள், கொதிகலன், துடுப்பு சுற்றும் தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. காயம் பிசைய நானே ஒரு இயந்திரம் செய்து வைத்திருக்கிறேன், எந்த எஞ்சினியரையும் கேட்காமல் பழைய மாவாட்டும் மோட்டாரில் செய்தது என்றேன். டீச்சர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகரவில்லை, கேட்டார். துடுப்பு எத்தனை, எந்தப் பக்கம் சுற்றும், ஓரத்தில் ஒட்டுவதை எப்படி வழிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். கலக்குவது என்பது அவர்களுக்கு ஒரு தனிப் பாடமாம். நான் முப்பது வருஷமாகப் படிக்கிற பாடம் அது என்று சொன்னேன்.

அந்த நேரம் வித்துராப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்த பிள்ளைகள் என்னைச் சுற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். “அங்கிளே சாம்பார் மணக்குந்நு” என்றது ஒன்று. எனக்கு அது பெருமைதான். பிறகு ஒரு மாணவி அவர்களை மேஜைக்குக் கூட்டிப்போனாள். அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, கோதுமை மாவு என்று தட்டுத் தட்டாக வைத்து, சிறு குழாயிலிருந்து பழுப்பு நிற அயடின் மருந்தைச் சொட்டினாள். சொட்டு விழுந்த இடம் கருநீலமாக மாறியது. பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். மாவுச்சத்து எங்கே இருந்தாலும் நீலம் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவள் மலையாளத்தில் விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலைப் பக்கம் போய் மஞ்சள்பொடியிலும் காயத்திலும் இதைத்தான் செய்யப்போகிறோம் என்றாள்.

என் ‘வெள்ளை’யும் கோதுமை மாவுதான். நீலமான கோதுமை மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மேஜையில் என் காயம் இருப்பதுபோலவும், சுற்றி நிற்பது பிள்ளைகள் இல்லை, என் வாடிக்கைக்காரர்கள் என்பதுபோலவும் தோன்றியது.

டீச்சரைத் தனியாகப் பிடித்தேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“கூட்டுக் காயத்துல மாவு இருக்கும்னு எங்களுக்குத் தெரியும், முதலாளி. இருக்கறது தப்பில்லை, கேட்டேளா. சொல்லாம இருக்கறதுதான் தப்பு. ஒரு வரி எழுதி வெச்சுட்டா ஆச்சு.”

ஒரு வரி. என் பலகையில் ஏற்கெனவே இரண்டு வரி இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. பால் காயத்தை மோந்தால் தலை சுற்றியது, எனக்கு, இந்த மூக்குக்கு. என் மனைவி தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சங்கத்துல நெஞ்ச நிமித்தத் தெரிஞ்சிச்சு. இப்ப ரசத்த முழுங்கத் தெரியல.” பிறகு குரலைத் தணித்து, “கோட்டைத் தெருக்காரங்க என்ன நெனைப்பாங்க, அதப் பாருங்க” என்றாள். அவள் சொன்னது அங்கிருந்து வருகிற ஒரு மாமியை மனத்தில் வைத்துத்தான்.

அக்ரகாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் ஒரு மாமி எல்லா வீட்டுக்கும் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஆரியசாலைக்கு வந்து மொத்தமாக வாங்கிப் போவார். எங்கள் கடைக்கு வருகிற மாமி குட்டையானவர், குடையில்லாமல் வெளியே இறங்க மாட்டார், பேரம் பேசவும் மாட்டார். அவர் கை வைத்த கடைக்குத்தான் அந்தத் தெருவே போகும். அந்தத் தெருவைப் பார்த்துத்தான் சமையல் காண்டிராக்டர்களும் கல்யாண வீடுகளும். என் பெயர் ஆரியசாலையில் நிற்பது என் மூக்கால்தான். ஆனால் கோட்டைக்குள் அது நிற்பது அந்த மாமியின் வாயில்.

எதிர்க்கடை அண்ணாச்சி நீல விஷயம் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு விட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீரா? உம்ம காயம் நீலமாச்சுன்னா என் காயமும்தான நீலம்? இன்னா பாரும், பால் காயத்துல ஒரு துண்டு வெட்டிக் குடும். நீலமும் வராது, பச்சையும் வராது. யாரு கேக்கப் போறா?”

யோசனை நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையின் இடது பையில் பால் காயம் ஒரு துண்டு, வலது பையில் கூட்டுக் காயம் ஒரு கட்டி, இரண்டையும் காகிதத்தில் சுற்றிப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனேன். எந்தக் கையை நீட்டப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

களத்தில் சாமியானா கட்டி, எல்லோருக்கும் மோர் ஏற்பாடு செய்திருந்தேன். கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். அக்ரகாரத்துப் பெண்கள் கும்பலாக வந்து முன்வரிசையில் நின்றார்கள். தங்கள் தெருப் பெண் டீச்சராக நின்று பேசப்போகிறாள் என்பதற்காக வந்தவர்கள். நடுவில் குடையோடு மாமி. டீச்சர் ஏதோ பேசினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பிறகு ஒரு மாணவி, “முதலாளியுடெ சாம்பிள் ஆத்யம்” என்று, முதலில் என்னுடையதைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

என் இடது கை பைக்குள் போய்விட்டது. அப்போது மாமி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் சரக்கு தெரியும். நிறம் தெரியும், வெட்டின வாகு தெரியும். பால் காயத்தை நீட்டினால், இது நான் வாங்குகிறது இல்லையே என்று முதலில் சொல்வது அவராகத்தான் இருக்கும். அதுவும் தவிர, என் சரக்கை என் களத்திலேயே நான் ஒளிப்பதா? வலது பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

சொட்டு விழுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு வாய் மோர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று திரும்பினேன். அந்தப் பெண் கட்டியை உடைத்து, வெந்நீரில் கரைத்து, ஆற வைத்து, சொட்டிவிட்டாள். நீலம். சாதாரண நீலம் இல்லை, எழுதுகிற மசியைக் கொட்டினதுபோல.

முன்வரிசை எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, “முதலாளி, இது வெச்சு போஸ்டரும் ஒட்டாமல்லோ” என்றான். போஸ்டர் ஒட்டும் பசையாகவும் ஆகுமாம். சிரிப்பு கிளம்பியது. பலகை தொங்கும் முகப்புப் பக்கம் திரும்பின தலைகளையும் கண்டேன்.

“மாவு” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அது மாவு. மாவு இல்லாம காயம் கிடையாது. எந்தக் கடையிலயும் கிடையாது. இந்தா, மாவில்லாதது வேணும்னா இத மோந்து பாருங்க.” இடது பையிலிருந்த துண்டை எடுத்து முன்வரிசையில் நீட்டினேன். ஒருவர் மோந்து பின்னால் சாய்ந்தார். இன்னொருவர் தும்மத் தொடங்கி நிறுத்தவே இல்லை. “இத அப்படியே சாம்பாருல போட்டா, சாப்பிட்டவன் ஒரு வாரம் பொண்டாட்டி பக்கம் போக முடியாது.” இப்போது சிரிப்பு என் பக்கம் திரும்பியது. எதிர்க்கடை அண்ணாச்சி மட்டும் இருமிக்கொண்டே களத்தை விட்டு வெளியே போனார். டீச்சர், கூட்டுக் காயத்தில் மாவு சேர்ப்பது அனுமதிக்கப்பட்டதுதான், கலப்படம் இல்லை என்று இரண்டு மொழியிலும் சொன்னார். நான் மூச்சு விட்டேன். பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாமி குடையை மடக்கினார்.

“முதலாளி, என்ன மாவு?”

“கோதுமை மாவு, மாமி.”

“கோதுமையா.” அவர் குரல் உயரவில்லை. “ஏகாதசிக்கு நாங்க அரிசி, கோதுமை ஒண்ணும் தொடறதில்லை. கிழங்கும் ஜவ்வரிசியும்தான். அதுல உங்க காயத்தைத்தானே போடறோம்.”

இது எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை காலம் காயம் விற்றவன், ஏகாதசிக்கு முந்தின நாள் ஏன் அந்தத் தெரு மொத்தமும் வாங்குகிறது என்று ஒரு தரம் யோசித்தவன் இல்லை. மாமி டீச்சர் பக்கம் திரும்பினார்.

“ஏண்டி, நீயும் எங்காத்துல சாப்பிட்டிருக்கே. மாவு இருக்குன்னு தெரியும்கறே. சொல்ல மாட்டியோ?”

டீச்சர் அயடின் குழாயை எடுத்து மூடினார். “எனக்கு அது ஏகாதசியோட சேர்த்துத் தோணவே இல்லை, மாமி. டெஸ்டைப் பத்தி மட்டும்தான் நினைச்சேன்.”

மாமி குடையை விரித்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நடந்துவிட்டார். அக்ரகாரத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அப்புறம் மஞ்சளும் மிளகாயும் சோதித்தார்கள் என்பார்கள், யார் யாருக்கோ என்னென்னவோ நிறம் வந்ததாம். நான் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலையே ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினேன். வேறு ஆளை ஏற்றினால் தெருவில் கேள்வி வரும்.

அடுத்த ஏகாதசி எப்போது என்று நாள்காட்டியைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. கோட்டைக்குள்ளிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. சமையல் காண்டிராக்டர் ஒருவர் வந்தார், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று போனார். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மத்தியானம் மனைவி மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்துக்கொண்டு, “ஜவ்வரிசி அவங்க திங்காங்க. ஜவ்வரிசி இந்தக் கிழங்குதான. இந்த மாவப் போட்டா ஆவாதா?” என்றாள். எனக்கும் அதே நேரம் அது தோன்றியது. முதலில் சொன்னது தான்தான் என்று அவள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

கிழங்கு மாவைப் போட்டுப் பிசைந்தேன். பசை. கையிலிருந்து விடுபடவில்லை, உலர்த்தினால் கல்லாகி வெடித்தது, கத்தி வழுக்கியது. இரண்டாம் தரமும் அதே கதி. அந்தப் பசையை வாளியில் எடுத்துக்கொண்டு நேரே லேபுக்குப் போனேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

டீச்சர் வாளியைப் பார்த்தார். அவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தெருவில் தலை காட்டுவது கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னார். மாணவிகள் இரண்டு பேரை என்னோடு விட்டார். நான் பிசினைக் கரைக்கும் கொதிநீரிலேயே மாவையும் போடுவேன், அது எங்கள் வழக்கம். கோதுமை அதைத் தாங்கும். கிழங்கு மாவு அந்தச் சூட்டில் வெந்து பசையாகிவிடுகிறது என்று தெர்மாமீட்டர் வைத்துக் காட்டினார்கள். பிசினையும் காயத்தையும் முதலில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறின பிறகு மாவைப் போட்டால் நின்றது. இரண்டு நாள் சாயங்காலம் அந்தப் பெண்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு என்னோடு நின்றார்கள். ஒருத்தி, “முதலாளி, ஹாஸ்டலில் என்னெ ஆரும் அடுத்து இருத்துந்நில்ல” என்றாள். ஹாஸ்டலில் யாரும் பக்கத்தில் உட்கார விடுவதில்லையாம். மூன்றாம் நாள் கட்டி அழகாக வெட்டுப்பட்டது.

அப்போதுதான் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “ஒண்ணு இருக்கு, முதலாளி. இதுலயும் நீலம்தான் வரும். அயடினுக்குக் கோதுமையும் கிழங்கும் ஒண்ணுதான். மைக்ரோஸ்கோப்ல பாத்தா வித்தியாசம் தெரியும். ஆனா மாமி இங்க வந்து அதுல குனிஞ்சு பாக்கப் போறதில்லை.”

வந்த சந்தோஷம் அங்கேயே இறங்கிவிட்டது. மாமிக்கு நான் கொடுக்க முடிந்தது என் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்த வாய் எழுதிய பலகையை அவர் வருஷக்கணக்காகப் படித்திருக்கிறார்.

டீச்சர்தான் போய் மாமியிடம் சொல்லியிருப்பார். ஏகாதசிக்குச் சில நாள் இருக்கும்போது, கடை திறந்த கையோடு மாமி குடையை மடக்கிக்கொண்டு படியேறினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கிழங்குக் காயத்தில் ஒரு கட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

“இதுலயும் நீலம் வருமாமே.”

“வரும், மாமி. ஆனா இது கிழங்கு.”

“நான் எதை வெச்சு நம்பறது?”

கட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அவரே சொன்னார்:

“தெரியாம சாப்பிட்டதுக்குத் தோஷமில்லைன்னுட்டார் எங்க சாஸ்திரிகள். தெரிஞ்சு சாப்பிட்டாத்தான். இனிமே பிசையறச்சே நான் வந்து நிக்கறேன். மூட்டையை என் கண்ணு முன்னாடி பிரியுங்கோ.”

பிசைகிற அறைக்குள் என் மனைவிகூட வந்ததில்லை. எதிர்க்கடையில் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தேன்.

மாமி ஒரு சரக்குப் பெட்டியைத் தூசி தட்டி அதில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கிழங்கு மாவு மூட்டையைப் பிரித்தேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, தலையாட்டினார். பிசினும் காயமும் கரைத்து ஆற வைத்தேன். மாவைத் தொட்டியில் போடத் தொடங்கினேன். மோட்டார் சுற்ற, இன்னும் போட்டேன். இன்னும் போட்டேன்.

மாமி தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தார்.

“இவ்வளவு மாவா போடறேள்?”

“மாமி, இத மட்டும் வெளிய சொல்லிராதீங்க.”

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“எங்க தெருவுக்கு மட்டும் சொல்வேன்” என்றார். “ஓரத்துல ஒட்டிண்டிருக்கு பாருங்கோ. வழிச்சு விடுங்கோ.”